கீ எங்கே இடிக்கிறது? ப்ளூஸ், ராக் கிட்டாருக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அஸ்தம்பட்டி, அழகாபுரம், செவ்வாய்பேட்டை என்று சேலத்தில் மாடி அறை கிடைத்த இடத்திலெல்லாம் ப்ளூஸும் ராக்கும் வாசிக்கும் பசங்க இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பாட்டு நன்றாக இருக்கிறது, நாலு பேர் சேர்ந்ததும் கெட்டுப்போகிறது. விரலைத் திட்டுகிறார்கள், ஆம்பைத் திட்டுகிறார்கள், சில சமயம் டிரம்மரைத் திட்டுகிறார்கள். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் கீ, அதாவது பாட்டின் ஆதார ஸ்வரம், தப்பாக இருக்கும். ரெக்கார்டில் எந்தக் கீயில் கேட்டோமோ அதில்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்திருப்பார்கள்.

கீ முடிவு செய்ய உட்காரும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி: இந்த அறையில் நகர முடியாதவர் யார்? பாடுபவரின் குரல் நகராது. கையில் ஒரே ஒரு ஹார்மோனிகா வைத்திருப்பவர் நகர மாட்டார். டிரம்பெட்காரர் கொஞ்சம்தான் நகர்வார். கிட்டார் எங்கே வேண்டுமானாலும் போகும், விரல் வைக்காமல் அடிக்கும் ஓப்பன் கம்பிகளின் ஒலியைக்கூட, கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பை மாட்டித் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். ஆகவே கிட்டார்காரர்தான் கடைசியாக உட்கார வேண்டும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு எண்ணம்தான்.

உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போய்ப் படியுங்கள். 6வது கம்பி என்றால் தடித்த ஈ, 1வது கம்பி என்றால் மெல்லிய ஈ. ஃபிரெட் என்றால் கிட்டார் கழுத்தின் குறுக்கே வரும் உலோகக் கோடு, ஒரு ஃபிரெட் மேலே போனால் அரை ஸ்வரம் ஏறும்.

அறிகுறி: தனித்தனியாகச் சரி, சேர்ந்தால் காது கூசுகிறது

எல்லோரும் "ஏ மைனர்" என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் ஒலி ஒட்டவில்லை. கோர்டு தப்போ என்று தேடி நேரத்தைப் போக்காதீர்கள். பாட்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் பாட்டின் ஸாவை மட்டும் நீட்டி ஒலிக்கட்டும். முதலில் பேஸ், அப்புறம் கீபோர்டு, அப்புறம் கிட்டார்கள். யார் விலகி நிற்கிறார் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அரை ஸ்வரமோ அதற்கு மேலோ விலகினால் முதலில் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் எண்ணைப் பாருங்கள். மெல்லிசைக் குழுவில் பழகியவர்கள் பலர் டிரான்ஸ்போஸ் பட்டனை வைத்தே எல்லாப் பாட்டையும் வாசித்துவிடுவார்கள். கை சி-யில் இருக்கும், ஒலி டி ஷார்ப்பில் வரும். "என்ன ஸ்கேல்ண்ணா?" என்று கேட்டால் கை இருக்கிற இடத்தைத்தான் சொல்வார். அவர் வரையில் அது சரியான பதில். "டிரான்ஸ்போஸ் எத்தனைல இருக்குண்ணா?" என்பதையும் சேர்த்துக் கேட்டால் குழப்பம் தீர்ந்தது.

கீபோர்டு சரியாக இருந்தால் அடுத்து கிட்டாரின் டியூனிங். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஸ்டீவி ரே வானும் பெரும்பாலும் ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி வாசித்தவர்கள். அவர்களைப் பார்த்துக் கற்றவர் தன் கிட்டாரையும் இறக்கி வைத்திருப்பார், ஆனால் வாய் பழக்கத்தில் "ஈ" என்பார். காதில் விழுவது ஈ ஃபிளாட். பேஸும் இறங்க வேண்டும், இல்லையென்றால் இவர் முதல் ஃபிரெட்டில் கேப்போ மாட்டிக்கொள்ள வேண்டும். கேப்போ மாட்டியவர்களும் இதே போலப் பேசிக் குழப்புவதுண்டு. இதற்கு ஒரே மருந்து, குழுவுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்வது: கீ என்றால் எப்போதும் காதில் விழும் கீ. கை பிடிக்கும் கோர்டு வடிவமான ஷேப்பைத் தனியாகச் சொல்லுங்கள். "பாட்டு ஜி. எனக்கு ஈ ஷேப், கேப்போ 3."

விலகல் அரை ஸ்வரத்துக்கும் குறைவாக, ஆனால் உறுத்தும்படி இருந்தால், யாரோ ஒருவருடைய டியூனர் ஆப்பில் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவு 432 ஆகவோ 442 ஆகவோ மாறியிருக்கலாம். கீபோர்டிலும் இதற்கு ஒரு தனி அமைப்பு உண்டு. எல்லாவற்றையும் 440க்குக் கொண்டுவாருங்கள். பழைய கேசட்டிலிருந்து எடுத்த பாட்டோடு சேர்ந்து பயிற்சி செய்கிறீர்கள் என்றால் டியூனரை மூடிவைத்துவிட்டு அந்தப் பாட்டுக்கே காதால் சுருதி சேருங்கள். டேப் ஓடிய வேகம் கொஞ்சம் பிசகியிருந்தாலும் பாட்டு இரண்டு கீக்கு நடுவில் போய் நிற்கும்.

அறிகுறி: பாடுபவர் மேலே போனால் கத்துகிறார், கீழே வந்தால் குரலே கேட்கவில்லை

எல்லா அறிகுறிகளிலும் இதுதான் முக்கியம், இதைத்தான் கிட்டார்காரர்கள் கடைசியாகக் கவனிக்கிறார்கள். ராக் பாடல்களை ரெக்கார்டு செய்த ஆண்களில் பலர் தங்கள் குரலின் உச்சியில் நின்று பாடியவர்கள். அதே கீயில் நம் பையன் பாடினால் தொண்டை இறுகுகிறது. பெண் பாடினால் மேல் ஸ்தாயியில் எட்டாமலும் கீழ் ஸ்தாயியில் சத்தம் இல்லாமலும் நடுவில் மாட்டிக்கொள்கிறாள். அப்போது "இன்னும் நல்லா பாடு" என்று சொல்வது அநியாயம். நகர வேண்டியது நீங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பெரிய வசதி கையிலேயே இருக்கிறது. பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்குத் தங்கள் சுருதிக் கட்டை தெரியும். "அக்கா, உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று கேளுங்கள். 1 கட்டை என்பது சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகளெல்லாம் கீபோர்டின் கறுப்புக் கட்டைகள்: ஒன்றரை சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். பெண்கள் பெரும்பாலும் 5, ஐந்தரை, 6 என்பார்கள். ஆண்கள் 1 முதல் 2 வரை என்பார்கள்.

அந்தக் கட்டையை ப்ளூஸ் பாட்டின் ஸாவாக வைத்து ஆரம்பியுங்கள். கச்சேரிக் குரல் கீழ் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை போய்வரப் பழகியது. ப்ளூஸ் பாட்டு அவ்வளவு தூரம் அலைவது அரிது, ஆகவே முதல் முயற்சியிலேயே பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். பாட்டின் உச்ச ஸ்வரம் மேல் பஞ்சமத்தைத் தாண்டினால் கீயை இறக்குங்கள். அடி ஸ்வரம் கீழ் பஞ்சமத்துக்கும் கீழே போனால் ஏற்றுங்கள்.

கட்டை தெரியாதவர் என்றால் எந்தக் கருவியும் இல்லாமல் அவரை ஒரு சரணம் பாடச் சொல்லுங்கள். கடைசி வரி எந்த ஸ்வரத்தில் போய் இறங்கி நிற்கிறதோ அதைக் கிட்டாரில் தேடிப் பிடியுங்கள். குரல் தானாகத் தேர்ந்தெடுத்த கீ அது. அரை ஸ்வரம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு உச்ச வரியை மட்டும் மேடைச் சத்தத்தில், டிரம்ஸோடு பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். அறையில் மெல்லப் பாடும்போது எட்டுகிற ஸ்வரம் மேடையில் எட்டாமல் போவது சகஜம்.

இப்போது கிட்டாருக்கு வருவோம். "ஐந்தரைக் கட்டையா? ஜி ஷார்ப்பில் ப்ளூஸா?" என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. ப்ளூஸின் உயிர் ஈ ஷேப்பிலும் ஏ ஷேப்பிலும்தான் இருக்கிறது, அந்த இரண்டையும் வைத்தே எல்லாக் கட்டைக்கும் போய்விடலாம்.

ஈ ஷேப்: கேப்போ இல்லாமல் 3 கட்டை. கேப்போ 1 என்றால் 4. கேப்போ 2, நாலரை. கேப்போ 3, ஐந்து. கேப்போ 4, ஐந்தரை.

ஏ ஷேப்: கேப்போ இல்லாமல் 6 கட்டை. கேப்போ 1, ஆறரை. கேப்போ 2, ஏழு. கேப்போ 3, ஒன்று. கேப்போ 4, ஒன்றரை. கேப்போ 5, இரண்டு.

மிச்சம் இருப்பது இரண்டரைக் கட்டை மட்டும். அதற்குக் கிட்டார் முழுவதையும் அரை ஸ்வரம் இறக்கி, கேப்போ இல்லாமல் ஈ ஷேப் வாசியுங்கள். பன்னிரண்டும் முடிந்தது, 5வது ஃபிரெட்டைத் தாண்டி கேப்போ எங்கேயும் போகவில்லை. அதற்கு மேல் போனால் கம்பியின் நீளம் குறைந்து ஒலி மெலிந்துவிடும், ஷஃபிள் என்ற ஆடும் தாள நடைக்கு வேண்டிய கனம் இருக்காது.

கேப்போ என்றால் கற்றுக்குட்டி வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் ப்ளூஸில் மிகக் கூர்மையான ஒலிகளில் ஒன்றைத் தந்த ஆல்பர்ட் காலின்ஸ் கேப்போ மாட்டித்தான் வாசித்தார். மடி வாட்டர்ஸும் கேப்போ பயன்படுத்தியவர்.

அறிகுறி: கீயை மாற்றியதும் பாட்டின் ரிஃப் செத்துப்போகிறது

இது மேலே உள்ள சிகிச்சையின் பக்கவிளைவு. பல ராக் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகள், ஓப்பன் 6வது கம்பியின் அதிர்வை நம்பி எழுதப்பட்டவை. ஈ-யில் இருந்த ரிஃப்பை சி-க்குக் கொண்டுபோனால், மேலே ஏற்ற 8வது ஃபிரெட் வரை போக வேண்டும். கீழே இறக்க நாலு அரை ஸ்வரம் தளர்த்த வேண்டும்.

இரண்டு அரை ஸ்வரம் வரை தளர்த்துவது 10 கேஜ் தடிமன் உள்ள கம்பியில் ஓரளவு தாங்கும். அதற்கு மேல் கம்பி தொளதொளவென்று ஃபிரெட்டில் அடிக்கும், அழுத்தும்போதே சுருதி ஏறும். ஆழமாக இறங்கியே தீர வேண்டும் என்றால் தடித்த செட் வாங்கி மாட்டி, கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ப்ளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி 1970களின் தொடக்கத்தில் மூன்று அரை ஸ்வரம் இறக்கி சி ஷார்ப்புக்கு வந்தார். தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்தவர் அவர். தளர்ந்த கம்பி அவருடைய விரலுக்கு இதமாக இருந்தது, அந்தக் கனத்த ஒலி பின்னால் ஒரு முழு இசை வகைக்கே அடையாளமாகிவிட்டது. ஆனால் அவர் அதற்கேற்பக் கம்பியையும் கருவியையும் அமைத்துக்கொண்டார். இன்றைக்கு ஈ, நாளைக்கு சி ஷார்ப் என்று ஒரே கிட்டாரை இழுத்தடித்தால் கழுத்தும் சுருதியும் நிலைக்காது.

இரண்டு அரை ஸ்வரத்துக்குள் தீரவில்லை என்றால் ரிஃப்பை 5வது கம்பிக்கு மாற்றி, ஏ ஷேப் கேப்போ 3 வைத்து வாசித்துப் பாருங்கள். ஒலி வேறாக இருக்கும், ஆனால் ஓப்பன் கம்பி கிடைக்கும். அப்போதும் உயிர் வரவில்லை என்றால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். பாடகரின் தொண்டையைப் பலி கொடுத்து ஒரு ரிஃப்பைக் காப்பாற்றுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அறிகுறி: கீ சரி, கோர்டு சரி, சோலோ மட்டும் அழுதுவடிகிறது

பாட்டு ஜி-யில் இருக்கிறது. ஜி, டி, ஈ மைனர், சி என்று உற்சாகமாகப் போகிறது. சோலோ வந்ததும் 3வது ஃபிரெட்டில் ஜி மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேலின் பெட்டியை, அதாவது விரல் அமைப்பைத் திறக்கிறீர்கள், யாரோ துக்கச் செய்தி சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. கீயின் பெயரை மட்டும் பார்த்து, அதன் குணத்தைப் பார்க்காமல் விட்டதால் வரும் கோளாறு.

மைனர் பென்டடானிக்கின் ஸ்வரங்களும் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களும் ஒன்றே: ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். மேஜர் பென்டடானிக் என்பது மோகனத்தின் ஸ்வரங்கள். மோகனத்தின் தைவதத்தை ஸாவாக வைத்துக் கிரக பேதம் செய்தால் சுத்த தன்யாசி வரும் என்று பாட்டு வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அதையே ஃபிரெட்போர்டில் செய்யுங்கள். ஜி மோகனத்துக்கு வேண்டிய பெட்டி, அதன் தைவதமான ஈ-யின் சுத்த தன்யாசிப் பெட்டி. கையை மூன்று ஃபிரெட் கீழே இறக்கினால் போதும்: 3வது ஃபிரெட்டிலிருந்து ஓப்பனுக்கு, அல்லது 15லிருந்து 12க்கு. விரல் நடை அதேதான். ஆனால் வரியை முடிக்கும்போது ஈ-யில் நிற்காமல் ஜி-யில் வந்து நில்லுங்கள். நிற்கும் இடத்தை மறந்தால் மறுபடியும் மைனர் சாயல் வந்துவிடும்.

இது மேஜர் ராக் பாட்டுக்கு. பன்னிரண்டு தாள அளவில் சுற்றிவரும் பன்னிரண்டு பார் ப்ளூஸ் வேறு. அங்கே ஏ செவன்த், டி செவன்த், ஈ செவன்த் என்று எல்லாமே அந்தர காந்தாரம் உள்ள கோர்டுகள், ஆனாலும் மேலே சுத்த தன்யாசி வாசிக்கிறோம். கோர்டு ஒரு காந்தாரம் சொல்ல, சோலோ இன்னொரு காந்தாரம் சொல்ல, அந்த உரசல்தான் ப்ளூஸ். ஏ-யில் 3வது கம்பி 5வது ஃபிரெட்டில் இருக்கும் சி-யைச் சும்மா அழுத்தி விட்டுவிடாதீர்கள். லேசாக, கால் ஸ்வரம் அளவு மேலே தள்ளுங்கள். சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் குரல் மாதிரி பேசும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும். 5வது கம்பி 6வது ஃபிரெட்டில் கிடைக்கும் பிரதி மத்யமத்தையும் தொடலாம், ஆனால் வழிப்போக்கனாகத்தான். அதில் உட்கார்ந்துவிட்டால் பாட்டு கசக்கும்.

இன்னொரு குழப்பம், வீடு எது என்றே தெரியாமல் சோலோ தொடங்குவது. டி, சி, ஜி என்று சுற்றிச் சுற்றி வரும் பாட்டு டி-யா, ஜி-யா? மூன்று கோர்டும் இரண்டு கீயிலும் பொருந்தும். பாட்டை ஒவ்வொரு கோர்டிலும் நிறுத்திப் பாருங்கள். எதில் நிறுத்தினால் "அவ்வளவுதான், முடிந்தது" என்று தோன்றுகிறதோ அது வீடு. டி என்று தோன்றினால் அது ஹரிகாம்போதி சாயல் உள்ள டி. ராக்கில் இது ஏராளம். டி மைனர் பென்டடானிக்கையும் டி மேஜர் பென்டடானிக்கையும் கலந்து வாசிக்கலாம்.

அறிகுறி: பெண்ட் ஏற மறுக்கிறது, விரல் எரிகிறது

பெண்ட் என்பது கம்பியைத் தள்ளி வளைத்துச் சுருதி ஏற்றுவது. கழுத்தின் நுனியில் கம்பிகள் தங்கும் நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக நிற்கும். நாம் அதிகம் வளைப்பது 3வது கம்பியில் மத்யமத்தைப் பஞ்சமத்துக்கு. ஏ-யில் அது 7வது ஃபிரெட், சுகமான இடம். எஃப்-இல் அதே பெண்ட் 3வது ஃபிரெட்டில் வருகிறது, ஓப்பன் ஈ-யில் 2வது ஃபிரெட்டில். அங்கே முழு ஸ்வரம் ஏற்ற நல்ல பலம் வேண்டும்.

எலெக்ட்ரிக்கில் தீர்வு எளிது. ஈ-யாக இருந்தால் சோலோவை 12வது ஃபிரெட் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். அக்கூஸ்டிக்கில் அது நடக்காது. வழக்கமான பெரிய உடம்பு கிட்டாரில் 14வது ஃபிரெட்டிலேயே உடம்பு தொடங்கிவிடும், உடம்பில் வெட்டு (கட்அவே) இல்லாவிட்டால் கை போகாது. தவிர, அக்கூஸ்டிக் செட்டில் 3வது கம்பி சுற்றுக் கம்பியாக இருக்கும், அது வளைவதற்குப் பிறந்ததே இல்லை. ஆகவே அக்கூஸ்டிக்கில் ஈ-யைத் தேர்ந்தெடுத்தால் பெண்ட்டை மறந்துவிட்டு ஓப்பன் கம்பிகளை நம்புங்கள். ஆறு ஓப்பன் கம்பிகளும் ஈ மைனர் பென்டடானிக்கில் இருப்பவை. விரலால் கம்பியைத் தட்டியும் (ஹேமர்-ஆன்) இழுத்துவிட்டும் (புல்-ஆஃப்) வாசித்தாலே போதும், தப்பான ஸ்வரம் என்று ஒன்று அங்கே கிடைக்காது. பெண்ட் நிறைந்த பாட்டு என்றால் ஏ, பி ஃபிளாட், பி, சி இந்த வட்டத்துக்குள் கீயைப் பிடியுங்கள். பாடுபவரும் அதற்குள் வந்தால்தான்.

அறிகுறி: ஷஃபிள் நன்றாகப் போய், ஐந்தாம் கோர்டில் இடறுகிறது

ஈ-யில் ஷஃபிள். ஈ-யும் ஏ-யும் ஓப்பன் கம்பியில் தானாக ஓடுகின்றன. ஐந்தாம் கோர்டான பி வந்ததும் 5வது கம்பி 2வது ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு 4வது கம்பியின் 4க்கும் 6க்கும் சுண்டு விரலை நீட்ட வேண்டும். சின்னக் கைகளுக்கு இது சித்திரவதை.

ஏ-க்கு மாறுங்கள். ஏ, டி, ஈ மூன்றுக்கும் வேர் ஸ்வரம் ஓப்பன் கம்பியில் இருக்கிறது. ஷஃபிள் கற்கிறவருக்கு முதல் கீயாக நான் ஏ-யைத்தான் கொடுப்பேன், எல்லாரும் சொல்லும் ஈ-யைக் கொடுக்க மாட்டேன். ஈ-யே வேண்டும் என்றால் பி-யில் மட்டும் ஷஃபிளை நிறுத்திவிட்டு பி செவன்த் கோர்டை வெட்டி வெட்டி அடியுங்கள். கேப்போ 3 போட்டு ஈ ஷேப் வாசித்தாலும் அந்த நீட்டல் குறையும், ஏனென்றால் மேலே போகப் போக ஃபிரெட் இடைவெளி சுருங்குகிறது.

அறிகுறி: ஹார்மோனிகாவோ டிரம்பெட்டோ வந்து சேர்ந்ததும் எல்லாம் கலைகிறது

ஹார்மோனிகாக்காரரிடம் பெரும்பாலும் சி ஒன்றுதான் இருக்கும். சி ஹார்மோனிகா என்றால் சி-யில் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ப்ளூஸில் அதை ஜி-யில் வாசிப்பார்கள். உறிஞ்சி வளைக்கும் ஸ்வரங்கள் அப்போதுதான் சரியான இடத்தில் விழும். கணக்கு சுலபம்: பாட்டின் ஸாவுக்கு மத்யமம் எதுவோ அந்தக் கீ ஹார்மோனிகா. பாட்டு ஈ என்றால் ஏ ஹார்மோனிகா, பாட்டு ஏ என்றால் டி. ஒன்றே ஒன்று சி-யில் இருந்தால் பாட்டை ஜி-க்குக் கொண்டுபோங்கள். முதலில் அது பத்துத் துளை வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் நிறையக் கிடைக்கும் டிரெமோலோ வகையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு நாக்கு. அது ப்ளூஸ் மாதிரி வளையாது.

கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கும் டிரம்பெட், கிளாரினெட் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆசை நல்ல ஆசை. அவர்கள் கருவி பி ஃபிளாட்டில் கட்டியது. நீங்கள் ஈ என்றால் அவருக்கு அது ஆறு ஷார்ப் உள்ள எஃப் ஷார்ப். நீங்கள் பி ஃபிளாட் என்றால் அவருக்கு ஒரு ஷார்ப்பும் இல்லாத சி. எஃப் என்றால் அவருக்கு ஜி. ஆகவே ஏ ஷேப் கேப்போ 1, அல்லது ஈ ஷேப் கேப்போ 1. இரண்டு பேருக்கும் சுகம்.

அறிகுறி: இரண்டு கிட்டாரும் பேஸும் சேர்ந்தால் சேறு

கீ ஒன்றாக இருக்கலாம், இடம் ஒன்றாக இருக்கக் கூடாது. இருவரும் ஓப்பன் ஈ-யில் டிஸ்டார்ஷனோடு ஆறு கம்பியும் அடித்தால் பேஸுக்கு மூச்சு விட இடமில்லை. ஒருவர் ஓப்பனில் இருந்தால் மற்றவர் கேப்போ மாட்டி மேலே போகட்டும். பாட்டு ஏ என்றால் ஒருவருக்கு ஓப்பன் ஏ, இன்னொருவருக்கு டி ஷேப் கேப்போ 7. டிஸ்டார்ஷன் கூடக்கூட கோர்டில் காந்தாரத்தை விட்டுவிட்டு ஸாவும் பஞ்சமமும் மட்டும் அடியுங்கள்.

அறிகுறி: ஏற்காடு போனதும் கிட்டார் மட்டும் ஏறி நிற்கிறது

அடிவாரத்தில் கச்சிதமாக டியூன் செய்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிப் பக்கம் ஒரு விடுதியில் சாயந்திரம் பெட்டியைத் திறக்கிறீர்கள். கீபோர்டோடு சேர்ந்து அடித்தால் கிட்டார் கொஞ்சம் உயர்ந்து ஒலிக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மே மாதத்தில்கூட சேலத்தின் வெக்கை அங்கே கிடையாது. உருக்குக் கம்பி குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் விறைக்கும், விறைத்தால் சுருதி ஏறும். பனிமூட்டத்தில் மரமும் ஈரம் குடித்து உப்பும், ஆக்‌ஷன் உயரும். கீபோர்டுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை, அதனால்தான் அதன் பக்கத்தில் உங்கள் விலகல் பளிச்சென்று தெரிகிறது.

போனதும் பெட்டியைத் திறந்து கிட்டாரை வெளியே வையுங்கள். அரை மணி நேரமாவது அந்தக் காற்றுக்குப் பழகட்டும், அப்புறம் டியூன் செய்யுங்கள். கேம்ப் ஃபயர் பக்கத்தில் வாசிப்பதாக இருந்தால் வாசிக்கப் போகும் இடத்திலேயே உட்கார்ந்து டியூன் செய்யுங்கள். நெருப்புச் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இப்போது கீழே போகும். இந்த மாதிரி இடங்களில் இறக்கிய டியூனிங்கைத் தவிர்ப்பேன், தளர்ந்த கம்பி நிலையாக நிற்காது. கேப்போ தேவைப்பட்டால் அதை ஃபிரெட்டுக்கு ஒட்டி மாட்டி, மாட்டிய பிறகு இன்னொரு முறை டியூனரைப் பாருங்கள். நடுவில் மாட்டினால் கேப்போவே சுருதியை ஏற்றிவிடும். திரும்பும்போது கிட்டாரைச் சேலம் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகும்.

அறிகுறி: பாட்டு நிற்கும் இடத்தில் ஒரு ரீங்காரம், அது கீயோடு சண்டை போடுகிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத அறையில் ஆம்ப் அந்த ஸ்வரத்தை ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும். அடி ஜி 49 ஹெர்ட்ஸ், அதாவது ரீங்காரம் ஜி-க்கு அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே. எஃப் ஷார்ப்பிலும் ஜி ஷார்ப்பிலும் வாசிக்கும்போது அது முள்ளாகக் குத்தும், ஜி-யில் மெல்ல அலையடிக்கும். இதற்குக் கீயை மாற்றாதீர்கள். எல்லா ஆம்பையும் எர்த் உள்ள ஒரே மூன்று பின் சாக்கெட்டிலிருந்து எடுங்கள், டியூப்லைட் சோக்கிலிருந்தும் ஃபேன் ரெகுலேட்டரிலிருந்தும் தள்ளி நில்லுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், ரீங்காரம் குறையும் திசை ஒன்று இருக்கும்.

அறிகுறி: நாலு பாட்டு ஆனதும் கேட்பவர்கள் கைபேசியை எடுக்கிறார்கள்

வரிசையைப் பாருங்கள். ஈ, ஈ, ஈ, ஈ என்று போயிருக்கும். ஒரே ஸா விடாமல் காதில் இருந்தால் ஐந்தாவது பாட்டு புதிதாகக் கேட்காது. ஒரு குரலுக்குப் பார்த்த கீகள் நெருங்கித்தான் வரும், ஆனாலும் உச்சம் உயர்ந்த பாட்டுக்கு டி, தாழ்ந்த பாட்டுக்கு ஜி என்று அதே பாடகருக்குள்ளேயே இடம் இருக்கிறது. மைனர் ப்ளூஸுக்கு அடுத்து ஒரு மேஜர் ராக்கை வையுங்கள். கேப்போ ஒரே இடத்தில் இருக்கும் பாட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் நடுவில் மௌனம் விழாது. இறக்கிய டியூனிங் பாட்டுகளை இடைவேளை முடிந்ததும் முதலில் வையுங்கள், இடைவேளையிலேயே டியூன் செய்து முடித்துவிடலாம்.